மலிவான சூட்டுப் பேனாவால் டாங்கி மாடலில் ஜிம்மெரிட்: முழுமையான வழிகாட்டி

இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் டாங்கிகளான டைகர், பாந்தர் ஆகியவற்றின் போர்க்காலப் படங்களை உற்றுப் பார்த்தால் பக்கச் சுவரெல்லாம் வரிவரியாக இருக்கும், ஈரச் சுண்ணாம்பைச் சீப்பால் கோதிவிட்டதுபோல. அந்தப் பூச்சின் பெயர் ஜிம்மெரிட். காந்தத்தால் இரும்புத் தகட்டில் ஒட்டிக்கொள்ளும் வெடிகளை ஜெர்மானியர்களே வைத்திருந்தார்கள். எதிரியும் அதையே தங்கள் மேல் திருப்புவான் என்ற பயத்தில் காந்தத்துக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி விடப் பூசியது இது. 1943-ன் பிற்பகுதியில் ஆலைகளிலேயே பூச ஆரம்பித்தார்கள். 1944 செப்டம்பரில் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது. குண்டு பட்டால் பூச்சு தீப்பிடிக்கிறது என்ற பேச்சு அதற்கு ஒரு காரணம்.

1/35 அளவு மாடலில், அதாவது நிஜ டாங்கியில் 35-ல் ஒரு பங்கு அளவுள்ள மாடலில், இதைக் கொண்டுவரப் பல வழிகள் உண்டு: புட்டி பூசிக் கோதுவது, ரெசின் தகடு ஒட்டுவது, செதுக்கிய உலோகத் தகடு ஒட்டுவது. புட்டி காய்வதற்குள் முடித்தாக வேண்டும். தகடுகளின் விலை சில நேரம் கிட்டின், அதாவது உதிரிகளாக வரும் மாடல் பெட்டியின், விலையை எட்டிவிடும். மரப்பலகையில் சுட்டுப் படம் வரையக் கைவினைக் கடைகளில் விற்கும் சூட்டுப் பேனாவுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. பாதியில் வைத்துவிட்டு அடுத்த வாரம் தொடரலாம். இதில் கைத்திறமையைவிடச் சூட்டைக் கட்டுப்படுத்துவதுதான் முக்கியம். அது சரியாக அமைந்தால் புதியவரும் செய்துவிடலாம். அமையாவிட்டால் கைதேர்ந்தவர் கையிலும் மாடல் பாழாகும்.

பேனாவும் சூடும்

கடையில் கிடைப்பவை இரண்டு வகை. 25 அல்லது 30 வாட், சூட்டை மாற்ற முடியாத சாதாரணப் பேனா ஒன்று. கைப்பிடியில் திருகு வைத்து 200 முதல் 450 டிகிரி செல்சியஸ் வரை மாற்றக்கூடியது மற்றொன்று. வாங்குவதானால் இரண்டாவதையே வாங்குங்கள், விலை வித்தியாசம் பெரிதில்லை. வீட்டில் சாதாரண சால்டரிங் அயர்ன் இருந்தால் அதுவும் இந்த வேலைக்கு ஆகும். முனைதான் வேறாக வேண்டும்.

மாடல் கிட்டுகள் பெரும்பாலும் பாலிஸ்டைரினால் ஆனவை. அது 100 டிகிரிக்கு அருகிலேயே இளக ஆரம்பிக்கும். 300 டிகிரியைத் தாண்டினால் இளகுவதோடு நிற்காது, சிதைந்து ஸ்டைரின் ஆவியாகும். மரத்தைக் கருக்கவென்றே செய்த பேனாவோ முழுச் சூட்டில் 400 டிகிரியைத் தாண்டும். அதனால் பெட்டியிலிருந்து எடுத்ததும் அப்படியே வைத்தால் பிளாஸ்டிக் குமிழி விட்டு, நூல் இழுத்து, பழுப்பாகிவிடும். "இந்த முறை சரிவராது" என்று கைவிடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் விட்டிருப்பார்கள்.

வேலைக்கு வேண்டியது முனையில் 180 முதல் 220 டிகிரி. திருகு உள்ள பேனாவில் ஆகக் குறைந்த அளவில் தொடங்குங்கள். திருகில் அச்சிட்ட எண்ணை நம்ப வேண்டாம். மலிவான கருவியில் அது வெறும் அடையாளம்தான்.

திருகு இல்லாத பேனாவை விளக்கு வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் வழியாக இணைக்கலாம். ஆனால் சில டிம்மர்கள் 40 வாட்டுக்குக் குறைந்த சுமையில் ஒழுங்காக வேலை செய்யாது. அதே டிம்மரில் பக்கவாட்டு இணைப்பாக ஒரு 60 வாட் இழை பல்பைச் சேர்த்துவிட்டால் அந்தக் குறை தீரும். பல்பின் வெளிச்சத்தைப் பார்த்தே எந்த அளவில் வைத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம் என்பது கூடுதல் லாபம். இந்தப் பெட்டியை மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளுங்கள். கைப்பிடிக்குள் மின்னணுச் சுற்று இருக்கும் பேனாவை டிம்மரில் மாட்டக் கூடாது, சுற்று எரிந்துபோகும். வெளிநாட்டிலிருந்து வந்த 110 வோல்ட் பேனாவை நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகுவதும் அதே கதைதான்.

முனையை நாமே செய்வது

பேனாவோடு பத்து இருபது முனைகள் வரும். அவற்றில் உதவுவது கத்தி வடிவ முனை ஒன்றுதான், அதுவும் நேராக உதவாது. இந்தப் பேனாக்களின் முனைகளில் பலவும் எம்4, அதாவது 4 மி.மீ., அளவு மரை கொண்டவை. ஹார்டுவேர் கடையில் அதே அளவு பித்தளைத் திருகாணி இரண்டு மூன்று வாங்குங்கள். தலையை அறுத்துவிட்டு, அந்தப் பக்கத்தைச் சுத்தியலால் தட்டி, அரத்தால் ராவி உளிபோல் ஆக்குங்கள். வாயின் அகலம் 2 மி.மீ., தடிமன் 0.3 மி.மீ. போதும். கடைசியாக 1000 எண் உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்குங்கள். அரம் விட்ட கீறல் ஒவ்வொன்றிலும் பிளாஸ்டிக் ஒட்டிக்கொள்ளும். வாயின் இரு மூலைகளையும் லேசாக மழுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் ஊசி குத்தியதுபோல் புள்ளி விழும்.

முனையைப் பேனா ஆறியிருக்கும்போது மட்டும் மாற்றுங்கள். சூட்டோடு முறுக்கினால் பித்தளை மரை தேய்ந்து வழுக்கும், அல்லது உள்ளேயே இறுகிவிடும்.

எதைச் சுடலாம், எதைச் சுடக் கூடாது

பாலிஸ்டைரின் மட்டும். கிட்டின் உதிரிகளைத் தாங்கும் சட்டத்தில், அதாவது ஸ்ப்ரூவில், பிஎஸ் என்று அச்சாகியிருக்கும். ஏபிஎஸ் என்று இருந்தால் அது வேறு வகைப் பிளாஸ்டிக், தவிர்த்துவிடுங்கள். அதற்குக் கூடுதல் சூடு வேண்டும், புகையும் மோசமானது. ரப்பர்போல் வளையும் சங்கிலித் தடங்கள் பலவும் வினைல், சுட்டால் அமில ஆவி வரும். ரெசின் உதிரிகள் உருகாது, கருகி நச்சாவி விடும்.

பாலிஸ்டைரினையும் காற்றோட்டம் உள்ள இடத்தில்தான் சுட வேண்டும். சன்னலோரம் உட்கார்ந்து, மின்விசிறியை முதுகுப்பக்கம் வைத்துக் காற்றை வெளியே தள்ளுங்கள். தூசுக்குப் போடும் முகமூடி ஆவியைத் தடுக்காது. வேண்டுமானால் கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ளதைப் போடலாம். சரியான சூட்டில் புகையே கண்ணுக்குத் தெரியாது. புகை தெரிந்தால் சூடு அதிகம் என்று பொருள். பேனாவுக்குக் கனமான தாங்கி கட்டாயம். தாங்கி இல்லாமல் மேசை விளிம்பில் வைத்த பேனா உருண்டு மடியில்தான் விழும்.

வரிகளின் நெருக்கத்தைக் கணக்கிடுவது

எல்லா டாங்கிக்கும் ஒரே வடிவம் இல்லை. டைகர் 1-ல் கிடைவரிகள், பூசிய கரண்டியின் அகலத்துக்குச் செங்குத்துப் பத்திகளாக அடுக்கியிருக்கும். பாந்தர்கள் சிலவற்றில் சதுரக் கட்டங்கள். கோபுரம் இல்லாத ஸ்டுக் 3 பீரங்கி வண்டிகளில் வாஃபிள் பிஸ்கட்போல ஒரு வடிவம் உண்டு. ஆலைக்கு ஆலை மாறும் என்பதால் நீங்கள் செய்யும் அதே வண்டியின் படத்தைத் தேடி வைத்துக்கொள்வது முதல் வேலை. எந்தெந்தத் தகட்டில் பூசியிருக்கிறார்கள், எதை விட்டிருக்கிறார்கள் என்று குறியுங்கள். சக்கரங்களிலும் மேல்தளத்திலும் பொதுவாக இருக்காது. வெளியே தொங்கவிட்ட பக்கக் காப்புத் தகடுகளையும் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள்.

நெருக்கத்தை அறியச் சுலபமான வழி ஒன்று. பக்கவாட்டுப் படத்தில் ஒரு சக்கரத்தின் விட்டத்தைக் காகிதத் துண்டில் குறித்து, அந்தத் துண்டைச் சுவரின் மேல் செங்குத்தாக வைத்து உள்ளே எத்தனை வரிகள் வருகின்றன என்று எண்ணுங்கள். டைகர் 1 சக்கரம் 800 மி.மீ., 1/35-ல் 22.9 மி.மீ. படத்தில் 32 வரிகள் வந்தால் 22.9-ஐ 32-ஆல் வகுக்க வேண்டும், அதாவது வரிக்கு வரி சுமார் 0.7 மி.மீ. சக்கரம் கேமராவுக்குச் சுவரைவிடச் சற்று அருகில் இருப்பதால் கொஞ்சம் பிசகும். அது கண்ணுக்குத் தெரியாத பிசகு.

ஆழமும் கணக்கில் வர வேண்டும். உண்மையான பூச்சின் தடிமன் சுமார் 3 முதல் 6 மி.மீ. அது 1/35-ல் 0.09 முதல் 0.17 மி.மீ. மட்டுமே, இரண்டு தாள் தடிமன்கூடத் தேறாது. 1/48 மாடலில் 0.06 மி.மீ. வரை இறங்கிவிடும், அங்கே கை மிக லேசாக இருக்க வேண்டும். 1/72-ல் இந்த முறையை முயலவே வேண்டாம். எவ்வளவு மென்மையாகச் செய்தாலும் உழுத வயல்போல்தான் தெரியும்.

மாடலைத் தயார்செய்தல்

1. உடலின் சுவர்களைப் பெட்டியாக ஒட்டிவிடுங்கள், ஆனால் கருவிகள், கொக்கிகள், விளக்குகள் எதையும் ஒட்டாதீர்கள். தனித் தகடாக வைத்துச் சுட்டால் வளைந்துபோகும். பெட்டியாக நின்றால் ஒன்றையொன்று தாங்கும்.

2. பசை முழுதாக உலர விடுங்கள், குறைந்தது 48 மணி நேரம். கரைப்பான் பசை பிளாஸ்டிக்கை இளக்கித்தான் ஒட்டுகிறது. இணைப்புக்குள் தங்கிய கரைப்பான் சூடு பட்டதும் ஆவியாகிக் குமிழி விடும். விளிம்போரக் குமிழிகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

3. நீண்ட சுவர்களின் உட்புறம் 20 மி.மீ.க்கு ஒன்றாக 1 மி.மீ. பிளாஸ்டிக் பட்டைகளைக் குறுக்கே ஒட்டுங்கள். சுவர் 1 மி.மீ.க்கும் மெல்லியதாக இருந்தால் இதைத் தவிர்க்கவே முடியாது.

4. வார்ப்பிலேயே வந்த கருவிப் பிடிகள் போன்ற புடைப்புகளைச் சீவிவிட்டு அவற்றின் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். பிறகு தனியாகச் செய்து ஒட்டலாம். சீவாமல் சுற்றிச் சுற்றிச் சுடுவது இரண்டு மடங்கு வேலை, விளைவும் அரைகுறை.

5. கூர்மையான பென்சிலால் 3 மி.மீ.க்கு ஒரு கிடைக்கோடும் 2 மி.மீ.க்கு ஒரு செங்குத்துக் கோடும் போடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் கோடு தேவையில்லை. இந்தக் கோடுகள் வரிசை மெல்ல மெல்லச் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள மட்டும்.

முதலில் துண்டில் சோதனை

பேனாவை இயக்கி 8 நிமிடம் காத்திருங்கள். மாடலில் கை வைக்கும் முன், அதே கிட்டில் தேவைப்படாத தட்டையான உதிரியில் சோதியுங்கள். ஸ்ப்ரூ உருண்டையாகவும் தடிமனாகவும் இருப்பதால் அது தரும் உணர்வு ஏமாற்றும்.

முனையைத் தொட்டு அரை வினாடி அழுத்தி எடுங்கள். சரியான சூட்டில் முனை வெண்ணெயில் இறங்குவதுபோல் இல்லாமல், கட்டி மெழுகில் நகத்தை அழுத்தியதுபோல் ஒரு சிறு எதிர்ப்போடு இறங்கும். எடுக்கும்போது நூல் இழுக்காது. பள்ளத்தின் இருபுறமும் மெல்லிய மேடு எழும்பியிருக்கும்.

அந்த மேடுதான் இந்த முறையின் உயிர். கத்தியால் கீறினால் பிளாஸ்டிக் சுருளாக வெளியேறிப் பள்ளம் மட்டும் மிஞ்சும். சூட்டு முனை எதையும் வெளியே எடுப்பதில்லை. பள்ளத்திலிருந்து விலகிய பொருள் பக்கத்திலேயே மேடாக நிற்கிறது. கரண்டியால் கோதிய நிஜ ஜிம்மெரிட்டில் நடந்ததும் அதுவேதான். அதனால்தான் இது பூசியதுபோலவே தெரிகிறது.

முனை பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுத்தால், பதிந்த இடம் வெளுத்தால் சூடு போதவில்லை. பள்ளம் பளபளத்து, மேடு உருகி வழிந்து, சிலந்தி நூல்போல் இழை வந்தால் சூடு அதிகம். சரியான அளவு கிடைத்ததும் திருகின் மேல் ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

பதிக்கும் வேலை

டைகரின் பின்பக்கத் தகட்டிலிருந்து தொடங்குங்கள். காட்சியில் கடைசியாகக் கண்ணில் படும் இடம் அதுதான். கை பழகும்வரை ஏற்படும் தடுமாற்றமெல்லாம் அங்கேயே கழியட்டும். பிறகு பக்கங்கள், அதன் பிறகு பீரங்கிக் கோபுரம், கடைசியாக முன்தகடு.

முனையின் வாய் கிடையாக இருக்கட்டும். ஒரு பத்தியின் அடியில் தொடங்கி மேலே ஏறுங்கள். அழுத்து, எடு, 0.7 மி.மீ. நகர், அழுத்து. ஒவ்வொரு அழுத்தும் அரை வினாடிதான். முனையை இழுக்கவோ தேய்க்கவோ கூடாது. நேராக வைத்து நேராக எடுக்க வேண்டும். பேனாவைக் கீழ்நோக்கித் தள்ளுவதுபோல் சாய்த்தால், எழும்பும் மேடு ஏற்கெனவே பதித்த பள்ளத்துக்குள் சரிந்து அதை மூடிவிடும். சாய்ந்தே தீரும் என்றால் வேலை நகரும் திசைக்குச் சாயட்டும்.

ஒரு பத்தி முடிந்ததும் பக்கத்துப் பத்தியை முந்தையதோடு இம்மி அளவு மேற்படியும்படி தொடங்குங்கள். வரிகள் பத்திக்குப் பத்தி துல்லியமாகச் சேர வேண்டியதில்லை, சேரவும் கூடாது. அந்தப் பூச்சை ஆலையில் ஆட்கள் கையால்தான் கோதினார்கள். ஒவ்வொரு கரண்டி வீச்சுக்கும் ஒரு சிறு தப்பு உண்டு. அளவுகோல் வைத்து அணிவகுத்த வரிகளைவிடச் சற்றே தடுமாறும் வரிகள்தான் நிஜத்துக்கு நெருக்கம். மலிவான கருவி தரும் முரட்டுத்தனம் இந்த ஒரு வேலையில் அனுகூலமாகிவிடுகிறது.

2 மி.மீ. அகல முனை, 0.7 மி.மீ. இடைவெளி என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 70 பதிவுகள். முழு டாங்கிக்கு எத்தனை என்று பெருக்கிப் பார்க்காமல் இருப்பது மனதுக்கு நல்லது. ஒரே உட்காரலில் முடிக்க நினைக்காதீர்கள். கை களைத்தால் அழுத்தம் கூடும், ஆழம் மாறும், வெளிச்சத்தில் அது பட்டைபட்டையாகத் தெரிந்துவிடும்.

ஒரே இடத்தில் தொடர்ந்து சுட்டால் சுவர் முழுவதும் சூடேறித் தொய்யும். மூன்று சதுர சென்டிமீட்டர் முடிந்ததும் எதிர்ப்பக்கச் சுவருக்கு மாறுங்கள். விரலால் தொட்டால் வெதுவெதுப்பு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகு திரும்பி வாருங்கள். இருபது பதிவுக்கு ஒரு முறை முனையை ஈரப் பருத்தித் துணியில் துடையுங்கள். ஒட்டிய பிளாஸ்டிக் கருகினால் பித்தளைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுங்கள். இரும்புத் தூரிகை பித்தளை முனையைக் கீறிவிடும்.

கோபுரத்தின் வளைவில் செங்குத்துக் கோடுகளைப் பென்சிலால் போடுவது கடினம். 2 மி.மீ. அகல மறைப்பு நாடாவை ஒட்டி, ஒரு பத்தி பதித்து, நாடாவைப் பிரித்து நகர்த்தி ஒட்டுங்கள். சூடான முனை நாடாவைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உருகிய பசை முனையில் ஏறினால் சுத்தம் செய்வது பெரும்பாடு.

தவறினால்

ஆழமாகப் பதிந்த பள்ளத்தைப் பக்கத்தில் சுட்டுச் சரிசெய்ய முயலாதீர்கள், குழி பெரிதாகும். அந்த இடத்தில் கொஞ்சம் புட்டி நிரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே ஆறிய முனையாலேயே வரியைப் பதியுங்கள். பற்களுக்கிடையே குத்தும் குச்சியும் போதும். காய்ந்த புட்டியைச் சுடக் கூடாது. அது இளகாது, பொரிந்து உதிரும்.

சுவர் உள்நோக்கித் தொய்ந்திருந்தால் அவசரப்பட்டு நெம்ப வேண்டாம். வெந்நீரில், கொதிக்கும் நீரில் அல்ல, அந்தப் பகுதியை ஒரு நிமிடம் வைத்து, உட்புறத்திலிருந்து தட்டையான மரத்துண்டால் தள்ளிப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் முக்குங்கள். பிறகு உள்ளே பட்டை ஒட்டி நிறுத்துங்கள்.

முடி நீக்குதல்

பதித்து முடித்த பரப்பில் கண்ணுக்கு எளிதில் தெரியாத பிளாஸ்டிக் மயிரிழைகள் நிற்கும். பெயின்ட் அடித்ததும் அவை எல்லாம் துருத்திக்கொண்டு தெரியும். 800 எண் உப்புத்தாளை வரியின் போக்கிலேயே ஒரு முறை லேசாக ஓட்டுங்கள். பின்பு டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற நீர்த்த பசையை அகலத் தூரிகையில் குறைவாக எடுத்து ஒரே வீச்சில் தடவுங்கள். கூர்மையான விளிம்புகள் லேசாகக் கரைந்து மழுங்கும். ஒரு இடத்தில் இரண்டாம் தடவை தடவாதீர்கள், வரிகளே கரைந்துவிடும். ஓர் இரவு உலர்த்தி, பழைய பல்துலக்கியும் சோப்புநீரும் கொண்டு கழுவுங்கள்.

உதிர்ந்த இடங்கள்

ஜிம்மெரிட் பூசிய வண்டி போருக்குப் போனால் மூலைகளிலும், இழுகொக்கிகளைச் சுற்றியும், சேறுகாப்பின் ஓரங்களிலும் பூச்சு பெயர்ந்திருக்கும். இதைக் காட்ட நினைப்பவர்கள் அந்த இடத்தைச் சுடாமல் வெறுமனே விட்டுவிடுவார்கள். அது தவறு. சுடாத பரப்பு பள்ளங்களைவிட உயரத்தில் நிற்பதால் பூச்சு உதிர்ந்த இடம் பூச்சைவிடப் புடைத்துத் தெரியும். முதலில் எல்லா இடத்தையும் பதியுங்கள். பிறகு வளைந்த கத்தியலகால், பெயர்ந்த பகுதியைப் பள்ளங்களின் அடிமட்டம்வரை சுரண்டி வழவழப்பாக்குங்கள். ஓரம் வழுவழுவென்று சரியாமல் உடைந்த ஓடுபோல் கோணலாகவும் செங்குத்தாகவும் இருக்கட்டும்.

நிறத்துக்கு ஜிம்மெரிட்டின் கலவை உதவும். பேரியம் சல்ஃபேட், சிங்க் சல்ஃபைடு, மஞ்சட்காவி, மரத்தூள், இவற்றைப் பிணைக்கப் பாலிவினைல் அசிட்டேட். கடைசியாகச் சொன்னது நம் தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசைக் குடும்பம்தான். எனவே உடைந்த ஓரம் மங்கிய காவி மஞ்சளாகவும், முழுதாகப் பெயர்ந்த இடத்தில் பிரைமரின் செம்பழுப்பாகவும் இருக்க வேண்டும். வெள்ளியைத் தொட்டு மினுக்க வைத்தால் பொய்யாகிவிடும்.

பிரைமரை மெல்லிய இரண்டு தடவையாகத் தெளியுங்கள். தடித்த ஒரு தடவை 0.1 மி.மீ. ஆழத்தை எளிதில் நிரப்பிவிடும். டாங்கியின் அடிப்படை நிறமான அடர்மஞ்சள் அடித்து உலர்ந்த பின், எண்ணெய்ப் பெயின்ட்டில் நீர்த்த பழுப்பைப் பள்ளங்களில் ஓடவிடுங்கள். கறுப்பு வேண்டாம், வரிகள் அச்சடித்த கோடுகள்போல் ஆகிவிடும்.

இதே பேனாவால் வேறு சில

பற்றவைப்புத் தழும்புக்கு 0.5 மி.மீ. பிளாஸ்டிக் கம்பியை இணைப்பில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து, நகவடிவ முனையால் நெருக்கமாக அழுத்திக்கொண்டே போனால் போதும். லாரியின் மரப்பலகைகளுக்குக் கத்தி முனையை ஆகக் குறைந்த சூட்டில் நீளவாக்கில் இழுக்கலாம். மேடு வேண்டாத வேலை என்பதால் பிறகு நன்றாக உப்புத்தாள் போட்டுவிட வேண்டும். நசுங்கிய சேறுகாப்புக்கு, அடிப்புறத்தைச் சுரண்டி 0.3 மி.மீ. அளவுக்கு மெல்லிதாக்கிய பிறகு, பேனாவை ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து இளகவிட்டு மரக்குச்சியால் வளையுங்கள்.

வார்ப்பு இரும்பின் சொரசொரப்புக்கு மட்டும் இதை எடுக்காதீர்கள். முனை எப்போதும் தன் வடிவத்தையே திரும்பத் திரும்பப் பதிக்கும், வார்ப்புப் பரப்போ ஒழுங்கே இல்லாதது. அதற்கு நீர்த்த பசையில் கரைத்த புட்டியும் தேய்ந்த தூரிகையும்தான் சரி.